வலென்சியாவுக்கு எதுக்குப் போறீங்க?

டிராவல்ஸ் தொழிலில் டிக்கெட் போடுவது சுலபம், ‘எதுக்குப் போறீங்க?’ என்று ஊர் கேட்கும் கேள்விக்கு வாடிக்கையாளரிடம் ஒரு பதிலைத் தயார் பண்ணிக் கொடுப்பதுதான் பெரும்பாடு.

சாவுக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா கூடப் போகலாம். சாமி கும்பிடுவதென்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். காரணம் இல்லாமல் நாலு நாளைக்குப் பையைத் தூக்கினால்தான் நம் பக்கத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிடும். வீட்டைப் பூட்டிய கையோடு எதிர்வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறிய அத்தனை பேரும் இதைப் படிக்கலாம். நாமெல்லாம் ஒரே கையால் குட்டு வாங்கியவர்கள்.

வாயில் நுழையாத ஊர்

நாமக்கல்லில் பரமத்தி ரோட்டில், லாரி டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். காசி, கேதார்நாத், துபாய், தாய்லாந்து என்று பல வருஷமாக ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை, எங்களைப் போன்ற ஏஜெண்டுகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பயணம் ஒன்றில் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவுக்குப் போய் வந்தேன். மத்தியதரைக் கடலோரத்தில் ரோமானியர் காலம் தொட்டு இருக்கும் ஊர். பட்டு வியாபாரம் நடந்த பழைய கல் மண்டபம், ஊரைச் சுற்றி நெல் வயல், ஆறு ஓடிய பள்ளத்தில் இப்போது மைல் கணக்கில் தோட்டம். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று. திரும்பியதும் சென்னையில் எங்களுக்கு மேலே இருக்கும் பெரிய ஏஜெண்டிடம், நாமக்கல்லிலிருந்து ஒரு குரூப் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். “உங்க ஊர்க்காரங்களுக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்? காசி போடுங்க” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே போர்டு எழுத ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். கடலும் கோட்டை வாசலும் போட்டு, ‘வலென்சியா: பத்து நாள்’ என்று பெரிதாக எழுதி மாடிப்படிக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. என்னோடு விசா வேலை பார்க்கும் தனபால் கீழே போய் நின்று போர்டை மேலும் கீழும் பார்த்தான். மேலே வந்து தண்ணீர் குடித்தான். பிறகு சொன்னான்: “பேரு வாயில நுழையல, கோயிலும் கெடையாது. ஊருக்குள்ள கேட்டா என்னன்னுங்க்கா சொல்லிட்டுப் போவாங்க?”

பண்ணை விசயம்

முதலில் வந்தவர் முத்துசாமி அண்ணன். மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். பையன் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறான், அண்ணனுக்கு நேரம் போகவில்லை. நான் மண்டபத்தைச் சொன்னேன், கோட்டையைச் சொன்னேன். எதற்கும் அசையவில்லை. கண்ணாடிக் கூரை போட்ட பழைய மார்க்கெட் ஒன்று இருக்கிறது, அதில் முட்டைக்கென்றே கடை இருக்கிறது என்றேன். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். வெள்ளை முட்டையா, பழுப்பு முட்டையா, அட்டையில் எத்தனை வைப்பார்கள் என்றெல்லாம் விசாரித்தார்.

அவருக்குக் கடல் பார்க்கத்தான் ஆசை என்பது எனக்குத் தெரியும். முட்டை பார்க்க ஸ்பெயின் போகிற அளவுக்கு நாமக்கல்லில் முட்டைப் பஞ்சம் வந்துவிடவில்லை. ஆனால் வெளியே சொல்ல ஒரு காரணம் கிடைத்ததும் மனிதர் முகமே தெளிந்துவிட்டது. படி இறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்: “ஊட்ல கேட்டா பண்ணை விசயமாப் போறேன்னு சொல்லிக்கறேன் அம்மிணி. யாராச்சும் உங்களைக் கேட்டா நீங்களும் அப்பிடியே சொல்லிப்போடுங்க.”

வண்டி போகாத ஊர்

அடுத்தது திருச்செங்கோட்டிலிருந்து சண்முகமும் அவர் மனைவி மல்லிகாவும். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார்கள். ஆறு ஓடிய பள்ளத்தில் தோட்டம் போட்ட கதையைச் சொன்னேன். ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றையே ஊருக்கு வெளியே திருப்பிவிட்டார்கள், பள்ளத்தில் ரோடு போடப் பார்த்தபோது ஜனங்கள் விடவில்லை, தோட்டம்தான் வேண்டும் என்று நின்று வாங்கினார்கள் என்றேன். சண்முகம் யோசித்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவருக்கு என்மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

மல்லிகாவுக்கு ஆறும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். அவர் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: “சத்தீஸ்கர்ல இருந்து ஆப்பிரிக்கா வரைக்கும் இவுரு வண்டி போயிருக்குதுங்க. போன எடத்துலயெல்லாம் டிரைவர்கிட்ட போன் பேசியே பொழுது போயிருது. இந்த ஊருக்கு இவுரு வண்டி ஒண்ணும் வந்திருக்காதுங்களே?”

சாப்பாட்டு மணி

சரஸ்வதி டீச்சர் ஒரு நாள் மத்தியானம் படியேறி வந்தார். நாமக்கல்லில் பெரிய ஹாஸ்டல் பள்ளி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் வார்டன். மகன் பெங்களூரில். கணவர் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். இறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. எப்போதோ இலங்கை போவதற்காக இரண்டு பேரும் பாஸ்போர்ட் எடுத்து, பட்டறையில் ஆர்டர் வந்ததால் அந்தப் பயணம் நின்றுபோனதாம். அந்தப் பாஸ்போர்ட்டை என் மேஜையில் வைத்தார்.

தொழில் புத்தி யாரை விட்டது? “எதுக்குங்க டீச்சர் வலென்சியா?” என்று நானே கேட்டுவிட்டேன். விற்கிறவள் நீ, நீயே சொல்லு என்றார். கடல், கோட்டை, பட்டு மண்டபம் எல்லாம் ஒப்பித்தேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பேச்சுவாக்கில், அந்த ஊரில் மத்தியானச் சாப்பாடே மூன்று மணிக்குத்தான், ராத்திரிச் சாப்பாடு பத்து மணிகூட ஆகும், நம்மவர்களுக்கு அதுதான் கஷ்டம் என்றேன்.

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மணி அடிச்சுக் கூப்புட மாட்டாங்களா? பசிச்சா அவங்கவங்களே போயிச் சாப்பிட்டுக்குவாங்களா? அப்ப என்ற பேரை எழுதிக்கோ சாமி.”

பெங்களூர் போன்

பணம் கட்ட வந்த அன்று மகன் போனில் கூப்பிட்டார். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டார். நல்ல பையன்தான், கத்தவில்லை. ஊரில் என்ன பேசுவார்கள், அப்பா போய் எத்தனை நாள் ஆயிற்று என்று பதமாகத்தான் சொன்னார். மாறுதல் வேண்டுமென்றால் பெங்களூர் வாங்கம்மா, பாப்பாவைப் பார்த்துக்கொண்ட மாதிரியும் இருக்கும் என்றார். தனபால் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை: “இத்தனை வருசமா ஊரான் புள்ளைகளைப் பாத்துட்டேன் கண்ணு. உம் புள்ளையவும் வந்து பாக்கறேன். நடுவுல பத்து நாளு என்னைய நான் பாத்துக்கறேன்.”

எழுத்துப் பூர்வமாக

அதற்கடுத்த வாரம் கொழுந்தனார் வந்தார். டீச்சர் கணவரின் தம்பி, பெயர் ராமசாமி. ராசிபுரத்தில் நூல் கடை. கூட இரண்டு பேர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அண்ணன் போய் வருஷம் திரும்பவில்லை, அதுவரை மலைக்கோயில் படியே மிதிக்கக்கூடாது, இதில் வெளிநாடா என்றார். தாலி இறங்கிய கழுத்து என்று ஒரு வார்த்தை சொன்னார். அதுவரை பொறுமையாக இருந்த எனக்கு அங்கேதான் மண்டை சூடாயிற்று. அண்ணன் செத்ததற்கு அண்ணி வீட்டுக்குள் உட்கார வேண்டும், தம்பி மட்டும் மூன்றாம் மாதமே மச்சான்களோடு கோவா போய் வரலாமா என்று கேட்க நாக்கு துடித்தது. அந்த டிக்கெட் போட்டதே நான்தான். தொழில் தர்மம் கருதி விழுங்கிக்கொண்டேன்.

“கோயிலுக்குத்தானுங்க போகக்கூடாது? நான் கூட்டிட்டுப் போற ஊர்ல நம்ம கோயில் ஒண்ணுகூட இல்லீங்க. ஊரு மொத்தமும் கடல் மட்டம், மலையும் கிடையாது. உங்க சாஸ்திரத்துக்கு இதைவிடத் தோதான ஊரு பூமியிலேயே கிடைக்காது” என்றேன். கூட வந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கோணத்தில் அவர்கள் யோசித்து வந்திருக்கவில்லை. ராமசாமி கதவு வரை போய், திரும்பி வந்தார். “கோயில் இல்லீன்னு உங்க ஆபீஸ் சீல் வெச்சுக் குடுப்பீங்களா?”

சும்மா

விசா விண்ணப்பம் கொடுக்க எல்லோரையும் சென்னைக்குக் கூட்டிப்போனேன். பயண நோக்கம் என்று கேட்டால் ‘சுற்றுலா’ என்று மட்டும் சொல்லுங்கள் என்று வண்டியில் ஏறியதிலிருந்து பாடம் நடத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கவுண்டரில் இருந்த பெண் முத்துசாமி அண்ணனிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆறு வாரமாக வீட்டிலும் தெருவிலும் டீக்கடையிலும் சொல்லிப் பழகிய வாய், “பண்ணை விசயமாப் போறேனுங்க” என்று சொல்லிவிட்டது. வியாபாரமென்றால் அந்த நாட்டுக் கம்பெனியின் அழைப்புக் கடிதம் எங்கே என்றாள் அவள். அண்ணன் திருதிருவென்று விழித்தார். பொய்யை வீட்டோடு விட்டுவிட்டு வரவேண்டும் என்று சொல்லித்தர மறந்துபோனேன்.

பின்னால் நின்ற சரஸ்வதி டீச்சர் எட்டிப் பார்த்தார். “அவரு சொல்றதை உடும்மா. நாங்க எல்லாரும் சும்மாதான் போறோம்” என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தாள்களை வாங்கி வைத்தாள். வேலை முடிந்தது. ஆனால் வெளியே வந்ததும் முத்துசாமி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாரும் கேட்டுவிடக் கூடாதென்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சும்மாப் போறோம்னு நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டாங்களே அம்மிணி, எனக்கு ஒரு மாதிரி கூச்சமாப் போச்சுங்க.”

வியாழக்கிழமைப் பஞ்சாயத்து

வலென்சியாவில் வியாழக்கிழமை மத்தியானம் பெரிய தேவாலயத்தின் வாசலில் ஒரு பஞ்சாயத்து கூடும். வாய்க்காலுக்கு ஒருவராக விவசாயிகள் கறுப்பு அங்கி போட்டு வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொரு வாய்க்கால் பெயராகக் கூப்பிட்டு, தண்ணீர்த் தகராறு ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். இருந்தால் அங்கேயே தீர்ப்பு. நூற்றுக்கணக்கான வருஷமாக இப்படித்தான். நாங்கள் போன அன்று ஒருவரும் புகார் சொல்லவில்லை. டீ ஆறுவதற்குள் சபை கலைந்துவிட்டது.

எங்கள் கூட்டத்துக்கு இது தாங்கவில்லை. பாசனத் தகராறில் வாய்தாவுக்கு அலையாதவர்கள் எங்கள் பக்கம் உண்டா? மல்லிகா கைதட்டினார். முத்துசாமி அண்ணன் அந்த விவசாயிகளில் ஒருவருக்குக் கும்பிடு போட்டார், அவரும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். சண்முகம் மட்டும் காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஸ்டே வாங்கறதுக்கு ஒருத்தன்கூட இல்லீங்களா இந்த ஊர்ல?”

படி

அதே தேவாலயத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு. உள்ளே ஒருவர் மட்டும் போகும் அகலத்தில் கல் படி சுற்றிச் சுற்றி மேலே போகிறது. எல்லோரும் ஏறத் தயாராக நின்றபோது மல்லிகா டீச்சரின் கையைப் பிடித்தார். “டீச்சர், இது மாதா கோயிலுங்க. மேலயும் ஏறணும். உங்களுக்கு வருசம் திரும்பலீங்களே” என்றார். கெட்ட எண்ணம் கிடையாது, நிஜமாகவே பயந்துதான் சொன்னார். ‘நம்ம கோயில்’ என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ராமசாமிக்கு வாக்குக் கொடுத்தவள் நான். நாம் கீழேயே இருந்து கடைகளைப் பார்க்கலாம் என்று நானே டீச்சரைத் திருப்பப் பார்த்தேன். சுற்றி வளைத்து நானும் கொழுந்தனார் கட்சியில் போய் நின்றுவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

டீச்சர் கொஞ்ச நேரம் அந்த இருட்டு வாசலைப் பார்த்தார். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினார். மல்லிகாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு முதல் ஆளாக ஏறினார். பின்னாலேயே நான் ஓடினேன். நடுவில் எனக்கே மூச்சு முட்டியது. மேலே போனதும் காற்று ஆளைத் தள்ளியது. ஊர்க் கூரைகள் முழுக்கக் கீழே, அதற்கப்பால் நீலமாகக் கடல். முத்துசாமி அண்ணன் வந்த வேகத்தில் எங்களைப் போட்டோ எடுத்து, வழக்கம்போல் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டார். நாங்கள் இறங்குவதற்குள் அது கைமாறி ராசிபுரத்துக் கொழுந்தனார் வரை போய்விடும் என்பது எனக்கும் டீச்சருக்கும் உறைத்தது. அழிக்கச் சொல்லவா என்று கேட்டேன். டீச்சர் வேண்டாம் என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

“எங்கூட்டுக்காரரு இருந்திருந்தா பாதியிலயே முட்டி வலிக்குது, எறங்கிப்போலாம்னு சொல்லியிருப்பாரு சாமி. நானும் அவரு கூடவே எறங்கியிருப்பேன்.”

தீர்த்தம்

கடைசி நாள் கடற்கரைக்குப் போனோம். மல்லிகா கொலுசு நனைய இறங்கி ஒரு வாட்டர் பாட்டிலில் கடல் தண்ணீரைப் பிடித்து மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் யாத்திரை போய்வந்தால் சொந்தக்காரர் வீடுகளுக்குத் தீர்த்தம் கொடுக்க வேண்டும். காசிச் சொம்பு இல்லாத அலமாரியே கிடையாது. இது யாத்திரை இல்லையே, வெறும் ஊர் சுற்றல்தானே என்றேன். மல்லிகா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஊர் சுத்திட்டு வந்தேன்னு வெறுங்கையோட எப்பிடிங்க போயி நிக்கறது? இது என்ன தண்ணின்னு அவங்களுக்குத் தெரியவா போகுது?”

வருஷச் சாப்பாடு

ஊர் திரும்பியபின் ராமசாமி வீட்டில் ஒரு கிரகப்பிரவேசம் நடந்தது; அண்ணன் போய் வருஷம் திரும்பாதது அதற்கு மட்டும் தடையாகவில்லை. டீச்சருக்குப் பத்திரிகை வரவில்லை. என் ஆபீஸுக்கு அவர்கள் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் வேறு ஏஜெண்டிடம் போய்விட்டன. போகட்டும் என்று விட்டுவிட்டேன். டீச்சரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கணவருக்கு வருஷ திதி வந்தபோது ஊரையே அழைத்தார், கொழுந்தனார் வீட்டுக்கு நேரில் போய் அழைத்தார். அண்ணன் திதிக்கு வராமல் இருக்க முடியுமா? ராமசாமி வந்தார், என்னையும் தனபாலையும் பந்தியில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சரே பரிமாறிக்கொண்டு வந்தார். தன் இலைக்கு டீச்சர் வந்தபோது, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி ராமசாமி ஆரம்பித்தார். வருஷத்துக்குள்ளே போனீர்கள், கோபுரத்தில் ஏறி நின்றீர்கள், ஊரே பார்த்தது என்றார். “அப்பிடி அந்த ஊர்ல என்னதான் இருக்குதுன்னு போனீங்க அண்ணி? கேக்கறவங்களுக்கு நாங்க என்ன பதிலுங்க சொல்றது?” என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. பெங்களூர் மகன் தண்ணீர் ஜக்கோடு அப்படியே நின்றார். கடல், கோட்டை, பட்டு மண்டபம், வாய்க்கால் பஞ்சாயத்து என்று நான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு, டீச்சர் திணறினால் எழுந்து பேசிவிடுவது என்று இடது கையைத் தரையில் ஊன்றினேன்.

டீச்சர் ரச வாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை. கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கிக்கொண்டே, பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்: “அந்த ஊர்ல நீங்க யாரும் இல்லீங்க தம்பி. அதுக்குத்தான் போனேன். ரசம் ஊத்தட்டுங்களா?”

வலென்சியாவுக்குப் போக நான் அடுக்கிவைத்திருந்த காரணங்களில் இப்போது இதைத்தான் முதலில் வைத்திருக்கிறேன். போர்டில் எழுதத்தான் தனபால் விடமாட்டேன் என்கிறான்.